டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக்கில் தொடங்கி வால்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கண்டதும் பலருடைய கை நேராகக் கார்ப்பரேட்டருக்குத்தான் போகிறது. ஸ்க்ரூக்களைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, திரும்பப் பூட்டி, வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்து, அப்போதும் ஓடவில்லை என்றால்தான் ஹேண்டில்பாரில் எஞ்சினை நிறுத்த இருக்கும் கில் சுவிட்சைப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. பிளக்கைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். அது நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டர் வண்டிகளுக்கு. ஹீரோ இம்பல்ஸ், 2019-ல் வந்த கார்ப்பரேட்டர் எக்ஸ்பல்ஸ், கவாஸாகி கேஎல்எக்ஸ் போன்ற 4 ஸ்ட்ரோக் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கார்ப்பரேட்டருக்குப் பதில் ஃப்யூல் இன்ஜெக்ஷன் உள்ள எஃப்ஐ வண்டிக்கும், மண் ட்ராக்குக்காக மாற்றிய ஆர்எக்ஸ் 100 போன்ற 2 ஸ்ட்ரோக்குக்கும் எங்கே வழி பிரிகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

ஸ்பேனர் எடுக்கும் முன்: எப்படி நின்றது?

ஓடிக்கொண்டிருந்த வண்டி சுவிட்சை அணைத்தது போல் சட்டென்று நின்றதா? கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். இழுத்து இழுத்து, திணறி நின்றதா? பெட்ரோல் வரத்து. கீழே விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பியிருக்கும். சில மாதம் ஷெட்டில் நின்ற வண்டியா? கார்ப்பரேட்டருக்குள் ஸ்லோ ஜெட் என்ற நுண்துளை அடைத்திருக்கும். சில வாரங்களாகவே காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, இப்போது மொத்தமாக மறுக்கிறதா? வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி) குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரில் இறங்கி நின்ற வண்டி என்றால் செல்ஃபை அழுத்தாதீர்கள், கிக்கரையும் தொடாதீர்கள். நேராகக் கீழே தண்ணீர் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

நண்பர் வண்டியைப் பார்க்கிறீர்கள் என்றால், கடைசியாக அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்றும் கேளுங்கள். ஹேண்டில்பார் மாற்றிய மறுநாள் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கில் சுவிட்ச் வயர் எங்கோ நசுங்கியிருப்பது சாதாரணமாக நடப்பது.

கையில் எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டியவை

கில் சுவிட்ச் ரன் பக்கம் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா. வண்டியை ஆட்டினால் சலசலக்கும் என்பதை நம்பாமல் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். டேங்கின் ஒரு பக்கம் பெட்ரோல் கிடந்தும் டேப்புக்கு எட்டாமல் இருக்கலாம். டேப்பை ரிசர்வுக்குத் திருப்புங்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் உள்ள வண்டியில் ஸ்டாண்டை எடுத்து, கிளட்ச்சைப் பிடித்து, நியூட்ரலில் முயலுங்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்து இறுகிவிட்டால் ஸ்டாண்ட் மேலே இருந்தாலும் கீழே இருப்பதாகத்தான் வண்டி நினைக்கும்.

எஃப்ஐ வண்டிக்கு இன்னொன்று. பல வண்டிகளில் சாய்வைக் கண்டறியும் சென்சார் இருக்கிறது. வண்டி விழுந்தால் அது எஞ்சினை நிறுத்திவிடும். நிமிர்த்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் விடுவிக்கும். சாவி போட்டதும் டேங்குக்குள் இரண்டு, மூன்று விநாடி ஃப்யூல் பம்ப் ரீங்கரிக்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லை என்றால் ஃப்யூஸ், பம்ப் கனெக்டர், பேட்டரி என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சின் விளக்கு அணையாமல் மினுக்கினால் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை எந்தக் கோளாறைக் குறிக்கிறது என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். நின்ற வண்டியின் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டும்; ஃபில்டர் பெட்டிக்குள் எலி பஞ்சைச் சேர்த்து வைக்கும். புகை வெளியேற வழி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்காது.

செல்ஃப் சுற்றவே இல்லை என்றால்

இது வேறு நோய். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். சார்ஜ் நிறைந்த 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போடுங்கள். சும்மா இருக்கும்போது நன்றாகக் காட்டி, செல்ஃப் அழுத்தியதும் 9-க்கும் கீழே சரிந்தால் பேட்டரி உள்ளே செத்துவிட்டது. பேட்டரி நன்றாக இருந்து 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், முதலில் எர்த் வயர் சேஸியில் மாட்டும் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள். டர்ட் பைக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதன் பிறகுதான் ரிலேவும் மோட்டாரும்.

கிக்கர் இருக்கிறதே, பேட்டரி எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. இம்பல்ஸ் போன்ற சாலை வண்டிகளில், பொறியை இயக்கும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டிக்குக் கரண்ட் பேட்டரி வழியாகப் போவது வழக்கம். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் எவ்வளவு உதைத்தும் பயன் இல்லாமல் போகலாம். ரேஸ் வண்டிகள் பலவற்றில், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டே நேராக சிடிஐக்குக் கரண்ட் கொடுக்கும். அவற்றில் சிலவற்றுக்கு பேட்டரியே கிடையாது.

பிளக்: இங்கேதான் வழி பிரிகிறது

சோக் போட்டு ஏழெட்டு முறை கிக் அடித்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்தோ பிரஷ்ஷாலோ நீக்குவது கட்டாயம். டர்ட் பைக்கின் பிளக் குழியில் எப்போதும் செம்மண் இருக்கும். பிளக் வெளியே வந்த நொடியில் அது சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் கீறிப்போகும்.

இப்போது பிளக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை பளபளவென்று ஈரமாக, பெட்ரோல் வாசனையுடன் இருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காரணம் கரண்ட், கம்ப்ரஷன் (பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்), அல்லது அளவுக்கு மீறிய பெட்ரோல். முனை காய்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. கரண்ட் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம். கருப்புக் கரி பொடியாக ஒட்டியிருந்தால் நாள்பட்ட அதிகப் பெட்ரோல்: அடைத்த ஏர் ஃபில்டர், இறங்காத சோக். எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால், 4 ஸ்ட்ரோக்கில் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. 2 ஸ்ட்ரோக்கில் 2டி ஆயில் கூடிவிட்டது, இல்லையேல் கிராங்க் சீல் வழியாக கியர் ஆயில் உறிஞ்சப்படுகிறது.

இந்தப் பார்வைக்கே ஒரு புது பிளக்கை எப்போதும் பையில் வைத்திருக்கச் சொல்வேன். பழையதைச் சுத்தம் செய்து போடுவதைவிடப் புதியதைப் போட்டுப் பார்ப்பது சந்தேகத்தை ஒரேயடியாக முடிக்கும். நம்பர் மேனுவலில் சொன்னதாகவே இருக்கட்டும். பிளக் முனையின் இடைவெளி பெரும்பாலும் 0.7-லிருந்து 0.9 மி.மீ.க்குள் வரும்.

பிளக் நனைந்திருந்தால்

முதலில் கரண்டைச் சோதியுங்கள். புது பிளக்கை வயர் நுனியிலுள்ள கேப்பில் செருகி, அதன் மரையை சிலிண்டர் ஹெட்டில் பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்து, கிக் அடியுங்கள். ரப்பர் கைப்பிடி உள்ள பிளையர்ஸால் பிடியுங்கள், வெறுங்கையால் வேண்டாம். பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும். பொறி அதன் பக்கத்தில் விழக் கூடாது. துவாரத்தைத் துணியால் மூடிவிட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பிளக் கேப்பைச் சும்மா தொங்கவிட்டபடி கிக் அடிப்பதும் தவறு; போக வழியில்லாத மின்னழுத்தம், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையோ சிடிஐயையோ கெடுக்கும்.

நீலமாக, 'டப் டப்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பலவீனம். நிழலான இடத்தில் பாருங்கள். உச்சி வெயிலில் நல்ல பொறியும் கண்ணுக்குத் தெரியாது.

பொறியே இல்லை என்றால், விலை குறைந்த பொருளிலிருந்து தொடங்குங்கள். பிளக் கேப் வயரில் மரை போலத் திருகி நிற்கும். அதை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். நுனி பச்சைப் பூத்திருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. ரெசிஸ்டர் உள்ள கேப் பொதுவாக 5 கிலோ ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் மாற்றுங்கள்.

அடுத்தது கில் சுவிட்ச். இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மேக்னெட்டிலிருந்து நேராக ஓடும் ரேஸ் வகை வண்டிகளில் கில் சுவிட்ச் கரண்டை எர்த்துக்கு இறக்கி எஞ்சினை நிறுத்தும். அதன் வயரைக் கனெக்டரில் பிரித்துவிட்டுக் கிக் அடித்ததும் பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். பேட்டரி வழி ஓடும் சாலை வண்டிகளில் சுவிட்ச் கரண்டை வெட்டுகிறது. பிரித்தால் பொறி வராது. அங்கே மீட்டரை வைத்து, சுவிட்ச் ஆன் நிலையில் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு டேங்கைத் தூக்கி, ஹெட்லைட் பின்னாலும் சேஸி ஓரமாகவும் போகும் எல்லாக் கனெக்டரையும் பிரித்து, உலர்த்தி, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். இதில் மட்டுமே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும். அதற்கும் மசியாவிட்டால் காயில், மேக்னெட் பக்கமுள்ள பல்சர் காயில், கடைசியாக சிடிஐ. முதல் இரண்டையும் மேனுவல் சொல்லும் ஓம் அளவோடு ஒப்பிடலாம். சிடிஐயை அளந்து பார்க்கச் சுலப வழி இல்லை. அதே மாடல் வண்டியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே சரி. எடுத்ததும் சிடிஐ வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பொறி நன்றாக வருகிறது, பிளக் மட்டும் நனைந்துகொண்டே இருக்கிறது என்றால் வண்டி ஓவர் ஃப்ளோ ஆகியிருக்கிறது. விழுந்த வண்டிக்கு இதுதான் நடக்கும். சோக்கை அணைத்து, பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி பத்து முறை நிதானமாகக் கிக் அடியுங்கள். உள்ளே தேங்கியதெல்லாம் காற்றோடு வெளியேறும். பிடிக்கத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, பொறி வெளியே விழாதபடி கேப்பில் செருகி ஹெட்டில் தள்ளி எர்த் செய்து வைத்து, துவாரம் திறந்தபடி சில முறை உதைத்து, காய்ந்த பிளக்கைப் போடுங்கள். நிமிர்ந்து நிற்கும் வண்டியிலேயே ஓவர் ஃப்ளோ ட்யூபில் பெட்ரோல் சொட்டினால், ஃப்ளோட் ஊசியில் தூசு சிக்கியிருக்கிறது அல்லது ஊசி நுனி தேய்ந்திருக்கிறது.

பிளக் காய்ந்திருந்தால்

பெட்ரோல் வரும் பாதையை டேங்கிலிருந்து கீழ்நோக்கிப் பின்தொடருங்கள். கார்ப்பரேட்டரில் மாட்டிய ட்யூபை உருவி, ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடத் தொடங்கி மெல்ல மெல்ல நின்றால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடி திறந்தும் ஓடவில்லை என்றால் டேப்பின் வலையில் அழுக்கு. சில வண்டிகளின் டேப் எஞ்சின் உறிஞ்சினால்தான் திறக்கும். அதில் 'ப்ரைம்' நிலைக்குத் திருப்பிச் சோதியுங்கள்.

அடுத்து, ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அதை ஒரு நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாக நிற்பது தண்ணீர். செம்பழுப்புத் துகள் டேங்க் துரு. நிறம் தேன் போல மாறி, மூக்கைச் சுளிக்கும் புளித்த நெடி வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் கூடிப்போனால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும், டேப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியின் பெட்ரோலை யோசிக்காமல் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

புதுப் பெட்ரோல் கிண்ணம் வரை வந்தும் பிளக் காய்ந்திருந்தால்தான் கார்ப்பரேட்டரைக் கழற்ற நேரம் வந்திருக்கிறது. தேடிப் போவது ஸ்லோ ஜெட்டை. ஸ்டார்ட் ஆகும்போதும் ஐட்லிங்கிலும் பெட்ரோல் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. காய்ந்த பெட்ரோலின் ஒரு மெல்லிய படலமே அதை மூடப் போதும்.

கார்ப்பரேட்டரை இறக்கும் முன் வெளிப்புறத்தைக் கழுவித் துடையுங்கள். கிண்ண ஸ்க்ரூக்களுக்குச் சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை முழு பலத்தோடு அழுத்தித் திருப்புங்கள். பித்தளையும் அலுமினியமும் மிருதுவானவை, ஒருமுறை வழுக்கினால் தலை போய்விடும். ஃப்ளோட்டைப் பிடித்திருக்கும் பின்னைத் தள்ளி எடுத்து, ஃப்ளோட்டைத் தனியே வையுங்கள். நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் ஒரு ஆழமான குழிக்குள் தலை மட்டும் தெரிவதுதான் ஸ்லோ ஜெட். குழிக்குள் இறுக்கமாக உட்காரும் மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும்.

எடுத்த ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடியுங்கள். துளை வட்டமாக, ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். நிலாப்பிறை போலத் தெரிந்தால் பாதி அடைத்திருக்கிறது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய மின் வயரிலிருந்து எடுத்த ஒற்றைத் தாமிர இழையை நுழைத்து, காற்றடியுங்கள். இரும்புக் கம்பி, குண்டூசி எதையும் விடக் கூடாது. துளை பெரிதானால் பெட்ரோல் அளவே மாறிவிடும். கிளீனரை அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளையில் பீய்ச்சி நேராகக் கண்ணுக்கு வரும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதாக இருந்தால், முதலில் மெல்ல உள்ளே திருகி முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஆக்சிலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கெய்ஹின் எஃப்சிஆர் போன்ற ரேஸ் கார்ப்பரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் உண்டு. ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு முறை முறுக்கினால் பெட்ரோல் பீய்ச்சும், குளிர்ந்த எஞ்சினுக்கு அது உதவும். நம் சாலை வண்டிகளின் டயஃப்ரம் வகைக் கார்ப்பரேட்டரில் அது பெரும்பாலும் இருக்காது. நின்ற எஞ்சினில் முறுக்குவதால் ஒன்றும் நடக்காது.

கரண்டும் உண்டு, பெட்ரோலும் உண்டு, பிடிக்கவில்லை

இப்போது கம்ப்ரஷன். பிளக்கைக் கழற்றி, அதைக் கேப்பில் செருகி எர்த் செய்துவிட்டு, துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, வேறொருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று பீறிட வேண்டும். விரல் சுலபமாக அடக்கிவிட்டால் கம்ப்ரஷன் இல்லை. கேஜ் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து அளக்க வேண்டும். பல 4 ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கிக் சுலபமாக்கும் டீகம்ப்ரஷன் அமைப்பு கேம்ஷாஃப்டிலேயே இருப்பதால் கேஜ் குறைவாகக் காட்டும். அந்த மாடலுக்கு மேனுவல் சொல்லும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலைத் துவாரத்தில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறவே இல்லை என்றால் வால்வு.

வால்வு என்றதும் ஹெட்டை இறக்க ஓடாதீர்கள். முன்பு சொன்ன வால்வு கிளியரன்ஸை, அதாவது டேப்பெட் கிளியரன்ஸைப் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேக்னெட் மூடியிலுள்ள சிறு மூடியைத் திறந்து, 'டி' குறி கோட்டுக்கு நேராக வரும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். அந்த நிலையில், வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரையும் விரலால் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஒன்று விறைப்பாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். முதலில் நின்றது வேறு ஸ்ட்ரோக்காக இருக்கலாம். சரியான இடத்திலும் ஆடவில்லை என்றால் வால்வு முழுக்க மூடவில்லை, கம்ப்ரஷன் அங்கேதான் கசிகிறது. மேனுவல் சொல்லும் அளவு ஃபீலர் கேஜை நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு நகரும்படி ஸ்க்ரூவைச் சரிசெய்து நட்டை இறுக்குங்கள். நட் இறுகும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும். இறுக்கிய பின் இன்னொரு முறை அளப்பது அவசியம்.

டேப்பெட் சத்தம் கேட்டால் பயப்படுகிறவர்கள், சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். வால்வு தன் இருக்கையில் அரிந்து உள்ளே போகப் போக இடைவெளி குறையும், சத்தமும் மறையும். ஓர் நாள் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஹோண்டா சிஆர்எஃப் 250ஆர் போன்ற டைட்டானியம் வால்வு வண்டிகளில் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றிச் சரிசெய்வார்கள். ஒருமுறை மாற்றி, கொஞ்ச நாளில் மறுபடி இறுகினால் வால்வின் மேல்பூச்சு போய்விட்டது. அதற்கு மேல் ஷிம் மாற்றுவது பணத்தை வீணாக்கும். வால்வையே மாற்ற வேண்டும்.

கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் இருந்தும் வண்டி 'பட்' என்று கார்ப்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடித்து, கிக்கர் காலைத் திருப்பி உதைக்கிறது என்றால் பொறி தவறான நேரத்தில் விழுகிறது. மேக்னெட்டைக் கிராங்கில் பூட்டும் 'கீ' என்ற சிறு உலோகத் துண்டு வெட்டுப்பட்டிருக்கும், அல்லது கேம் செயின் ஒரு பல் தாண்டியிருக்கும். மேக்னெட்டைப் புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. இந்த இரண்டையும் பழகாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. 2 ஸ்ட்ரோக்கில் இதே கட்டத்தில் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறதா, கிராங்க் சீலில் காற்று கசிகிறதா, சைலன்சர் கரியால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரில் மூழ்கிய வண்டி

ஓடையில் தண்ணீர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறிவிட்டது என்று தெரிந்த நொடியில் கில் சுவிட்சைத் தட்டுங்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்தால் சேதம் இன்னும் மோசமாகும்.

கரைக்குத் தள்ளி வாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். கில் சுவிட்ச் அணைந்தபடியே, பிளக்கை எர்த் செய்துவிட்டு, கிக்கரை முதலில் கையால் மெல்ல அழுத்துங்கள், பிறகு காலால். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். வெறும் காற்று மட்டும் வரும்வரை தொடருங்கள். இரண்டு பேர் சேர்ந்து முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியைப் பின்சக்கரத்தில் நிறுத்தினால் சைலன்சரில் உள்ளது கொட்டும். ஃபில்டரைப் பிழிந்து, பெட்டியைத் துடைத்து, ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பிளக் கேப்புக்குள் ஊதி உலர்த்துங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பார்க்கும் கண்ணாடியையோ டிப் ஸ்டிக்கையோ பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும். காட்டுப் பாதையில் மாற்று ஆயில் இல்லையென்றால் கட்டி இழுத்துப் போவதுதான் சரி. வீட்டுக்கு வந்து ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, அதையும் வடியுங்கள். கண்ணாடியில் வெண்மை தெரியாத வரை இதைத் திரும்பச் செய்து, பிறகு ஃபில்டரையும் மாற்றி நிரந்தர ஆயிலை ஊற்றுங்கள்.

பட்டறைக்குப் போவதென்றால்

இவ்வளவும் பார்த்த பிறகு மீதமிருப்பது எஞ்சினைத் திறக்கும் வேலை. "ஸ்டார்ட் ஆகல அண்ணே" என்று வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். பிளக் எப்படி இருந்தது, பொறி என்ன நிறம், கம்ப்ரஷன் எவ்வளவு, ஆயில் விட்டதும் ஏறியதா, டேப்பெட் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, கழற்றிய பிளக்கையும் சேர்த்துக் கொடுங்கள். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஹெட்டைத் திறப்பதா, மேக்னெட்டைத் திறப்பதா என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார்.